வீடு கட்டும் செலவும் எக்செல் ஷீட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் சொந்த மனையில் தனி வீடு கட்டத் தொடங்குகிறவர்கள் செலவுக் கணக்கு பற்றி வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. எக்செல், கூகுள் ஷீட்ஸ், இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் என எதில் போட்டாலும் முறை ஒன்றுதான். உதாரணங்களில் வரும் ரூபாய்க் கணக்கு வழியைக் காட்டுவதற்கு மட்டும். உங்கள் ஊர் விலையைக் கடையில் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

சதுர அடிக்கு இவ்வளவு என்று இன்ஜினியரே சொல்லிவிட்டார். அப்புறம் எதற்குத் தனியாக ஒரு ஷீட்?

கட்டலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கச் சதுர அடி விலை உதவும். பணத்தை எந்த மாதம் எவ்வளவு தயார் செய்வது என்பதற்கு உதவாது. 1,200 சதுர அடியை 2,400 ரூபாயால் பெருக்கினால் 28.80 லட்சம். சரி, அந்த 1,200 எதை அளந்து வந்தது? சுவர்த் தடிமன் சேர்ந்ததா, போர்டிகோ முழுதாகக் கணக்கில் வருமா பாதியா, மொட்டை மாடிக்குப் போகும் படிக்கட்டு அறை உண்டா என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்டு சுவர், போர்வெல், கேட், மின் இணைப்பு, பிளான் அப்ரூவல் கட்டணம், கப்போர்டு வேலை ஆகியவை பெரும்பாலும் அந்த விலைக்குள் வராது. இவற்றைக் கூட்டினாலே சில லட்சங்கள் தேறும்.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. கட்டிடம் பாதியில் நிற்கும்போது இதுவரை எவ்வளவு போனது என்பதை பாஸ்புக்கே சொல்லிவிடும். இன்னும் எவ்வளவு வேண்டும் என்பதைச் சொல்ல, வேலை வாரியாகப் பிரித்த மதிப்பீடு கையில் இருக்க வேண்டும். ஷீட் போடுவதே அந்த ஒரு எண்ணுக்காகத்தான்.

எல்லாவற்றையும் ஒரே ஷீட்டில் எழுதினால் போதாதா?

போதாது. ஒரே ஃபைலுக்குள் நான்கு ஷீட் வையுங்கள்: அளவு, விலை, செலவு, சுருக்கம். அளவு ஷீட்டில் பிளானிலிருந்து எடுத்த நீளம், அகலம், உயரம். விலை ஷீட்டில் பொருளும் அதன் இன்றைய விலையும். செலவு ஷீட்டில் நாள் வாரியாகக் கொடுத்த பணம். சுருக்கம் ஷீட்டில் கையால் எதுவும் எழுதக் கூடாது. மற்ற மூன்றிலிருந்தும் தானாக வர வேண்டும்.

இந்த நான்கையும் இணைப்பது வேலை எண். மண் வேலைக்கு 01, அஸ்திவாரத்துக்கு 02, பேஸ்மட்டத்துக்கு 03, சுவரும் லிண்டலும் 04, ரூஃப் 05, பூச்சு 06 என்று போய், பிளம்பிங், எலெக்ட்ரிக்கல், டைல்ஸ், மர வேலை, பெயிண்டிங், வெளி வேலைகள் வரை கொடுத்துவிடுங்கள். மதிப்பீட்டில் ஒவ்வொரு வரிக்கும் இந்த எண், செலவில் ஒவ்வொரு ரசீதுக்கும் இதே எண். சிமென்ட் என்று மட்டும் எழுதி வைத்த செலவு பிறகு எதற்கும் பயன்படாது. அது அஸ்திவாரத்துக்கா பூச்சுக்கா என்று ஆறு மாதம் கழித்து யாராலும் சொல்ல முடியாது. ஒரு லோடு இரண்டு வேலைக்குப் போனால் அதை இரண்டு வரியாகப் பிரித்து எழுதுங்கள்.

கான்கிரீட்டுக்கு எத்தனை மூட்டை சிமென்ட் என்று ஷீட் எப்படிச் சொல்லும்?

ரூஃப் தளத்தையே எடுத்துக்கொள்வோம். 1,000 சதுர அடி, 5 அங்குலத் தடிமன். அங்குலத்தை அடியாக்க 12ஆல் வகுத்தால் ஏறக்குறைய 417 கன அடி கான்கிரீட் வருகிறது. இது இறுகிய பிறகுள்ள அளவு. கலப்பதற்கு முன் உலர்ந்த நிலையில் பொருட்களுக்கு நடுவே காற்றிடைவெளி இருப்பதால் 1.54ஆல் பெருக்குவது வழக்கம்: 642 கன அடி.

எம்20 என்ற கான்கிரீட் தரத்துக்கு வழக்கமான கலவை சிமென்ட், மணல், ஜல்லி 1 : 1.5 : 3. கம்பி கட்டும் கான்கிரீட்டுக்கு இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456 சொல்லும் குறைந்தபட்சத் தரம் இதுதான். மொத்தம் 5.5 பங்கு. சிமென்ட் ஒரு பங்கு என்றால் 117 கன அடி. 50 கிலோ மூட்டை ஒன்று 1.226 கன அடி பிடிக்கும். வகுத்தால் ஏறக்குறைய 95 மூட்டை. மணல் ஒன்றரைப் பங்கு, 175 கன அடி. முக்கால் ஜல்லி மூன்று பங்கு, 350 கன அடி. நம் ஊரில் 100 கன அடி ஒரு யூனிட் என்பதால் எம்-சாண்ட் ஒன்றே முக்கால் யூனிட், ஜல்லி மூன்றரை யூனிட். பீம்களுக்குத் தனி வரி போடுங்கள், சேதாரத்துக்கு 3 அல்லது 5 சதவீதத்தைத் தனி நெடுவரிசையில் காட்டுங்கள். மூட்டை எண்ணிக்கைக்கு, அடுத்த முழு எண்ணுக்கு ஏற்றும் ரவுண்டப் (ROUNDUP) சூத்திரம் வையுங்கள், கடையில் அரை மூட்டை தர மாட்டார்கள்.

ரெடிமிக்ஸ் வாங்குகிறவர்கள் 1.54 பெருக்கக் கூடாது. அது கலந்து முடித்த கான்கிரீட்டாகவே கன மீட்டரில் வருகிறது. மேலே சொன்ன தளத்துக்கு 11.8 கன மீட்டர், அவ்வளவுதான்.

கம்பிக்கு?

ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்கு இத்தனை கிலோ என்று பொதுவாகச் சொல்வதை முதல் மதிப்பீட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரக்சுரல் டிராயிங் கைக்கு வந்ததும் ஒவ்வொரு கம்பியின் நீளத்தையும் எண்ணிக்கையையும் ஷீட்டில் ஏற்றுங்கள். எடைக்கு எளிய சூத்திரம்: விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு இத்தனை கிலோ என்று வரும். 12 மீட்டர் முழுக் கம்பி ஒன்று 8 மி.மீ. என்றால் 4.74 கிலோ, 10 மி.மீ. 7.41, 12 மி.மீ. 10.67, 16 மி.மீ. 18.96.

இந்தக் கணக்கு வாங்கும்போதும் கைகொடுக்கும். வந்திறங்கிய கம்பிகளை எண்ணி இந்த எடையால் பெருக்கி, எடைமேடைச் சீட்டோடு ஒப்பிடும் நெடுவரிசை ஒன்று வையுங்கள். ஐ.எஸ். 1786 தரநிலை 10 மி.மீ. வரை 7 சதவீதமும், அதற்கு மேல் 16 மி.மீ. வரை 5 சதவீதமும் கூடக்குறைய இருக்க இடம் தருகிறது. வித்தியாசம் அதையும் தாண்டினால் கடைக்காரரிடம் அன்றைக்கே கேட்டுவிடுங்கள். கம்பியை வெட்டி வளைத்த பிறகு கேட்டுப் பயனில்லை.

செங்கல், பூச்சு வேலைக்கு ஜன்னல் கதவு இடத்தைக் கழிக்க வேண்டுமா?

கட்டுவேலையில் கழிக்க வேண்டும். செங்கல் எண்ணிக்கைக்கு இணையத்தில் கிடைக்கும் எண்ணை நம்பாதீர்கள், சூளைக்குச் சூளை அளவு மாறுகிறது. உங்கள் கல்லையே அளந்து, மூன்று பக்கமும் கலவைக்காக 10 மி.மீ. கூட்டிப் பெருக்கி, ஒரு கன அடியான 1,728 கன அங்குலத்தை அதனால் வகுங்கள். 9 × 4¼ × 3 அங்குலக் கல்லுக்கு ஒரு கன அடிக்கு 11.7 கல் வரும். உடைசல் சேர்த்து 12 என்று வைக்கலாம்.

பூச்சு வேலையில்தான் தகராறு வரும். அளவெடுக்கும் முறைக்கான ஐ.எஸ். 1200 தெளிவாகவே சொல்கிறது: அரை சதுர மீட்டர் வரையுள்ள திறப்புகளைக் கழிக்க வேண்டாம், அரையிலிருந்து மூன்று சதுர மீட்டர் வரை ஒரு பக்கம் மட்டும் கழிக்க வேண்டும், அதற்கு மேல் இரண்டு பக்கமும் கழித்து, ஓரங்களின் பூச்சைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மேஸ்திரியிடம் இந்த முறையில்தான் அளப்போம் என்று வேலைக்கு முன்பே பேசி, ஷீட்டின் மேலேயே எழுதி வைத்துவிட்டால் கடைசி பில் அன்று முகம் சுளிக்க வேண்டியிருக்காது.

பிளான் மீட்டரில் இருக்கிறது, மேஸ்திரி அடியில் பேசுகிறார். எதில் போடுவது?

உங்கள் ஆட்கள் பேசும் அளவில் போடுங்கள். மாற்று எண்களை விலை ஷீட்டின் மேல் ஒரே இடத்தில் வைத்து, எல்லாச் சூத்திரமும் அங்கிருந்தே எடுக்கட்டும்: ஒரு சதுர மீட்டர் 10.764 சதுர அடி, ஒரு கன மீட்டர் 35.315 கன அடி. லோடு என்ற சொல்லை மட்டும் ஷீட்டுக்குள் விடாதீர்கள். ஒரு லாரி லோடு இரண்டு யூனிட்டாகவும் இருக்கும், நான்காகவும் இருக்கும். வண்டித் தொட்டியின் நீளம், அகலம், பொருள் நிற்கும் உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி 100ஆல் வகுத்து யூனிட்டாகவே எழுதுங்கள். ஈர மணல் உப்பிக்கொண்டு அதிகமாகத் தெரியும் என்பதும் நினைவிருக்கட்டும்.

விலை மாதாமாதம் மாறுகிறதே, ஒவ்வொரு முறையும் எல்லா இடத்திலும் திருத்த வேண்டுமா?

அதற்காகத்தான் விலைக்குத் தனி ஷீட். சூத்திரத்துக்குள் 380 என்று விலையை நேராக எழுதாமல், விலை ஷீட்டிலிருந்து விலுக்கப் (VLOOKUP, பொருள் பெயரைப் பட்டியலில் தேடி அதன் விலையைத் தரும் சூத்திரம்) மூலம் எடுக்க வையுங்கள். பழைய விலையை அழிக்காமல், புது விலையைத் தேதியோடு பட்டியலின் மேலே புது வரியாகச் சேர்க்கலாம். சரியான பொருத்தம் தேடும்படி விலுக்கப்பை அமைத்தால் அது மேலிருந்து முதலில் கண்ட வரியை எடுக்கும், அதாவது புது விலையை. தேடும் எல்லையாக முழு நெடுவரிசையையும் கொடுத்துவிட்டால் மேலே சேர்த்த வரி விடுபடாது.

விலைக்கு ஜி.எஸ்.டி. சேர்ந்ததா இல்லையா என்று பக்கத்திலேயே குறியுங்கள். சிமென்ட்டுக்கான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. வரியைத் தனி நெடுவரிசையில் வைத்திருந்தவர்களுக்கு ஒரே ஒரு எண்ணை மாற்றினால் வேலை முடிந்திருக்கும்.

செலவு ஷீட்டில் என்னென்ன நெடுவரிசை வேண்டும்?

தேதி, வேலை எண், பொருள், அளவு, அலகு, விலை, தொகை, யாருக்கு, எப்படிக் கொடுத்தது, ரசீது எண். யு.பி.ஐ.யில் அனுப்பியிருந்தால் அதன் பரிவர்த்தனை எண். இதில் பலர் விட்டுவிடுவது அளவு. “ஹார்டுவேர் கடை 41,600” என்று மட்டும் எழுதினால் கணக்கு சரியாக இருக்கும், ஆனால் காரணம் தெரியாது.

சைட்டில் நிற்பவர் ஒருவர், பணம் அனுப்புபவர் இன்னொருவர் என்றால் கூகுள் ஃபார்ம் ஒன்று போட்டு சைட்டில் இருப்பவரின் போனில் வைத்துவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பி, ஊரில் அப்பாவோ மச்சானோ நின்று கட்டும் வீடுகளுக்கு இது மிகவும் பயன்படும். பெரியவர்களிடம் கணக்குக் கேட்பது சங்கடம். ரசீதைப் படமெடுத்து ஃபார்மில் போடச் சொன்னால் கேட்க வேண்டிய தேவையே வராது.

வாரக் கூலியை எப்படி எழுதுவது?

ஆள் கணக்குக்கு ஒரு சிறு ஷீட். வரிசையில் கொத்தனார், பெரியாள், சித்தாள். மேலே திங்கள் முதல் சனி வரை. முழு நாள் 1, அரை நாள் 0.5. கூட்டி, கூலியால் பெருக்கி, நடுவில் கொடுத்த அட்வான்ஸைக் கழித்தால் சனிக்கிழமை மாலை கொடுக்க வேண்டியது வந்துவிடும். அந்த வாரம் நடந்த வேலையின் எண்ணைப் போட மறக்காதீர்கள். கூலி கொடுக்கும்போது ஷீட்டை அவர்களுக்கும் காட்டுங்கள். உழைத்தவருக்குத் தன் நாள்கணக்கைப் பார்க்கும் உரிமை இருக்கிறது.

முழு கான்ட்ராக்ட் விட்டாலும் இதெல்லாம் வேண்டுமா?

சிமென்ட் மூட்டைக் கணக்கு வேண்டாம். இரண்டு பட்டியல் போதும். ஒன்று, கட்டம் வாரியாக ஒப்பந்தப்படி எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு, வேலை எவ்வளவு முடிந்தது. கொடுத்த பணம் முடிந்த வேலையை மிஞ்சிக்கொண்டே போனால் அடுத்த தவணையை நிறுத்திப் பேசுங்கள். இன்னொன்று கூடுதல் வேலைப் பட்டியல். “இங்கே ஒரு லாஃப்ட் போட்டுடலாம்”, “ஜன்னலைக் கொஞ்சம் பெருசாக்கிடலாம்” என்று வாய்வார்த்தையாகச் சொன்னதெல்லாம் கடைசியில் பெரிய தொகையாக வந்து நிற்கும். சொன்ன அன்றே தேதி, அளவு, விலை மூன்றையும் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பி, சரி என்று பதில் வாங்குங்கள்.

பட்ஜெட் தாண்டப்போகிறது என்று முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது?

சுருக்கம் ஷீட்டில் மதிப்பீடு, செலவு என்று இரண்டு நெடுவரிசை மட்டும் வைத்தால் தெரியாது. ஐந்து வேண்டும்.

| வேலை | மதிப்பீடு | கொடுத்தது | பாக்கி | இனி வேண்டியது | முடிவில் |
|---|---|---|---|---|---|
| அஸ்திவாரம் | 4,20,000 | 4,75,000 | 15,000 | 0 | 4,90,000 |
| சுவர், லிண்டல் | 5,00,000 | 3,10,000 | 40,000 | 1,90,000 | 5,40,000 |
| ரூஃப் | 5,50,000 | 0 | 0 | 5,85,000 | 5,85,000 |
| மொத்தம் | 14,70,000 | 7,85,000 | 55,000 | 7,75,000 | 16,15,000 |

முதல் இரண்டு எண்ணை மட்டும் பார்க்கிறவர் “14.70இல் 7.85 போயிருக்கிறது, 6.85 மீதி” என்று நிம்மதியாக இருப்பார். உண்மையில் அவருக்கு இன்னும் 8.30 லட்சம் வேண்டும். 1.45 லட்சம் குறைகிறது, ரூஃப் இன்னும் தொடங்கவே இல்லை.

பாக்கி என்பது பொருள் வந்தும் வேலை முடிந்தும் பணம் கொடுக்காதது: ஹார்டுவேர் கடைக் கடன், மேஸ்திரிக்கு நிறுத்தி வைத்த தொகை. இனி வேண்டியது என்பதை மதிப்பீட்டிலிருந்து செலவைக் கழித்துப் போடாதீர்கள். அப்படிப் போட்டால் முடிவில் வருவது எப்போதும் பழைய மதிப்பீடாகவே இருக்கும், ஷீட் எந்தக் கெட்ட செய்தியையும் சொல்லாது. மீதமிருக்கும் அளவைச் சைட்டில் பார்த்து, அளவு ஷீட்டில் புதிதாக எழுதி, இன்றைய விலையால் பெருக்கி எடுக்க வேண்டும். ஷீட்டிலேயே கடினமான வேலை இதுதான். கட்டுவேலை நடக்கும்போது வாரம் ஒரு முறை, பூச்சு வேலைக்குப் பிறகு பத்து நாளைக்கு ஒரு முறை செய்தால் போதும்.

இந்த எண் அஸ்திவாரத்திலேயே கூடிவிட்டால் நல்லது என்றுகூடச் சொல்வேன். அந்த நேரத்தில் டைல்ஸ், கதவு, கப்போர்டு எல்லாம் இன்னும் உங்கள் கையில் இருக்கின்றன. தேக்குக் கதவை நிலைவாசலுக்கு மட்டும் வைத்துக்கொண்டு உள் அறைகளுக்கு வேறு மரம் போடலாம், மாடி அறையைத் தள்ளிப்போடலாம். பெயிண்டிங்கின்போது தெரிந்தால் கடன் வாங்குவதைத் தவிர வழி இல்லை.

செலவு கூடியதற்குக் காரணம் விலையா, வீணா?

அளவையும் விலையையும் தனித்தனியாக எழுதியிருந்தால் ஷீட்டே பிரித்துச் சொல்லும். ரூஃபுக்கு 95 மூட்டை, 380 ரூபாய் என்று 36,100 போட்டிருந்தீர்கள். ஆனது 104 மூட்டை, 400 ரூபாய், 41,600. கூடியது 5,500. கூடுதல் 9 மூட்டையைப் பழைய விலையால் பெருக்கினால் 3,420, இது அளவால் வந்தது. 104 மூட்டையை விலை உயர்வான 20 ரூபாயால் பெருக்கினால் 2,080, இது சந்தையால் வந்தது.

விலை ஏறியதற்கு யாரையும் கேட்க முடியாது. அளவு கூடியதை மட்டும் பேசுங்கள். தளம் 5 அங்குலத்துக்கு மேல் தடித்துவிட்டதா, மூட்டை நனைந்ததா, வேறு வேலைக்குப் போனதா? இந்தப் பிரிவினை இல்லாமல் மேஸ்திரியைச் சந்தேகப்படுவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

எதிர்பாராத செலவுக்கு எவ்வளவு ஒதுக்குவது?

5 முதல் 10 சதவீதம், தனி வரியாக. மண்ணைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கோவில்பட்டிப் பக்கம் போலக் கரிசல் மண் என்றால் மழையில் உப்பி வெயிலில் சுருங்கும். அஸ்திவாரம் ஆழமாகப் போக வேண்டியிருக்கும், 10 வையுங்கள். இந்த வரியிலிருந்து எடுக்கும்போதெல்லாம் எந்த வேலை எண்ணுக்கு, ஏன் என்று எழுதி மாற்றுங்கள்.

சூத்திரத்தில் தவறு இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

அடிக்கடி வருவது, புதிதாகச் சேர்த்த வரி கூட்டலின் எல்லைக்கு வெளியே நின்றுவிடுவது. பெரியவர்களுக்கும் இது நடக்கும். பொருளாதார அறிஞர்கள் கார்மென் ரைன்ஹார்ட்டும் கென்னத் ரோகாஃபும் 2010இல் வெளியிட்ட அரசுக் கடன் ஆய்வில் சராசரிச் சூத்திரம் ஐந்து நாடுகளை விட்டுவிட்டிருந்தது. 2013இல்தான் அது வெளியே தெரிந்தது. செலவு ஷீட்டின் மொத்தமும் சுருக்கம் ஷீட்டில் ‘கொடுத்தது’ நெடுவரிசையின் மொத்தமும் சமமா என்று பார்க்கும் ஒரு செல் வைத்து, சமமில்லை என்றால் சிவப்பாக மாறச் செய்யுங்கள். வேலை எண் போடாமல் விட்ட ரசீதும் இதில் அகப்படும்.

செல்லில் “50 மூட்டை” என்று எழுதினால் அது எண்ணாகாது, கூட்டலில் சேராது. 50 மட்டும் எழுதி, அலகைப் பக்கத்தில் போடுங்கள். ஒரு இடத்தில் சிமெண்ட், இன்னொரு இடத்தில் சிமென்ட் என்று எழுதினால் குறிப்பிட்ட பெயருள்ள வரிகளை மட்டும் கூட்டும் சம்இஃப்ஸ் (SUMIFS) சூத்திரம் இரண்டையும் வேறு வேறு பொருளாகத்தான் பார்க்கும். பொருள் பெயரும் வேலை எண்ணும் கீழ்விரி பட்டியலிலிருந்து தேர்ந்தெடுப்பதாகவே இருக்கட்டும். நிலையான செல்லைச் சுட்டும்போது $ குறி போடாமல் சூத்திரத்தைக் கீழே இழுத்தால் சுட்டும் இடமும் கூடவே இறங்கிவிடும்.

தொகை 1,615,000 என்று வருகிறது. 16,15,000 என்று காட்ட முடியுமா?

முடியும். எண் வடிவமைப்பில் தனிப்பயன் பகுதிக்குப் போய் இதை ஒட்டுங்கள்:

[>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;##,##0

எக்செல், கூகுள் ஷீட்ஸ் இரண்டிலும் வேலை செய்யும். கழித்தல் எண்களுக்கு லட்சக் கமா வராது.

வங்கிக்குக் கொடுத்த எஸ்டிமேட்டையே இதற்குப் பயன்படுத்தலாமா?

வேண்டாம். அது கடன் தொகைக்காக இன்ஜினியர் போட்டுக் கொடுத்தது. உங்கள் வீட்டு டைல்ஸ் விலை அதில் இருக்காது. வங்கி கட்டம் வாரியாகத்தான் பணம் விடும், பெரும்பாலும் அந்தக் கட்டம் முடிந்து பார்வையிட்ட பிறகு. ஆகவே மாத வாரியாக வரவு ஒரு வரி, தேவை ஒரு வரி வைத்து, எந்த மாதம் கையிருப்பு சுழியத்துக்குக் கீழே போகிறது என்று பாருங்கள். ரூஃப் போடும் மாதம்தான் பெரும்பாலும் இடிக்கும். வீடு முடியும் வரை கட்டும் வட்டியும், இப்போது இருக்கும் வீட்டு வாடகையும் இதில் வர வேண்டும்.

வீடு முடிந்த பிறகு இந்த ஃபைலை என்ன செய்வது?

பத்திரமாக வையுங்கள், ரசீதுகளோடு. பிற்காலத்தில் வீட்டை விற்றால் மூலதன ஆதாய வரிக் கணக்கில் கட்டிடச் செலவைக் காட்ட ஆதாரம் கேட்பார்கள். ஃபைலை மூடும் முன் கடைசியாக ஒரு ஷீட் சேருங்கள்: அறை வாரியாக டைல்ஸ் பெயரும் பேட்ச் எண்ணும், பெயிண்ட் ஷேடு எண், மோட்டார் வாங்கிய தேதி, பூசுவதற்கு முன் எடுத்த பைப் லைன், ஒயரிங் படங்களின் லிங்க்.